முன்கூட்டியே எழுதிய கடைசி வரி

அப்பா,

நடந்த எல்லாவற்றையும் இதில் உண்மையாக எழுதப்போகிறேன். நான் எழுதாமல் விட்டதையும், நடக்காததை எழுதியதையும் சேர்த்து. நான்கு வருடங்கள் உங்கள் கொப்பியில் எழுதினேன். ஒரு நாளும் இப்படிச் சொல்லித் தொடங்கியதில்லை. எழுதிவிட்டாலே அது உண்மைதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

டவுன் நூலகத்தின் வாசிப்பறையில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். மணி நாலு தாண்டிவிட்டது. அம்மா சந்தைப் பக்கம் போயிருக்கிறார். வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். என் விரல்களில் சூட வாசம் அடிக்கிறது. காலையில் நீதிமன்றத்தில் கொப்பியைக் கையளித்த பிறகு சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினேன். போகவில்லை. சூடக்கட்டி, மூக்குக்கண்ணாடி, கொப்பி எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் டின்னுக்குள் வைத்தவர் நீங்கள்தானே. நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. அந்த டின்னைத் திறந்தால், இப்போதுதான் மூடிவிட்டு வெளியே போனதுபோல இருக்கிறது.

பயமாக இருக்கிறது அப்பா. இன்னும் கொஞ்ச நேரத்தில் உக்குவளை பஸ்ஸில் ஏறி, சந்தியில் இறங்கி, மிளகுக்கொடிப் பாதையால் ஏறி, தோட்டத்து வீடுகள் வரிசையாக நிற்கும் நம் லயத்துக்குப் போக வேண்டும். நம் காம்பராவுக்குச் சுவரொட்டிய அடுத்த வீடு யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

கொப்பியிலிருந்தே தொடங்குகிறேன். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அதை வாங்கி வந்தீர்கள். தொழிலாளர் சங்கத்துத் தலைவர் என்ற முறையில் தோட்டத்துத் துரையோடு பேசுவது உங்களுக்கு ஒரு வேலை. லயத்துக்குள் முகம் திருப்பிக்கொண்டவர்களைப் பேசவைப்பது மற்ற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முன்னாலுள்ள தகரக் கொட்டகையில் உட்காருவீர்கள். வழக்கு இருப்பவர்கள் வருவார்கள். போன மாதம் தலையாட்டியவர்கள் இந்த மாதம் “நான் எப்ப அப்படிச் சொன்னேன்” என்று கேட்கத் தொடங்கியதால் கொப்பி தேவைப்பட்டது. நாலாம் வகுப்போடு நின்றவர் நீங்கள். “பேச்சு என்னுது, எழுத்து ஒன்னுது” என்று சொல்லி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். தோட்ட ஆபிசில் பேரேடு எழுதுகிறவரைக் கிளாக்கர் ஐயா என்பதுபோல, லயத்தில் எல்லாரும் என்னைக் கிளாக்கரம்மா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை இருந்தது என்று உங்களிடம் சொன்னதில்லை.

முதல் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். மேட்டு லயத்துப் பெரியம்மாவின் கோழி யாரோ ஒருவருடைய கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது. “என்னோட கோழிதான்னு எப்படிச் சொல்றீங்க? கையெழுத்து வச்சிட்டா போச்சு?” என்று பெரியம்மா கேட்டார். “கெளறியிருக்கிறதப் பாத்தா ஒங்க கையெழுத்து மாதிரிதான் இருக்கு” என்று பாத்திக்காரர் சொன்னதும் கொட்டகையே சிரித்தது. பெரியம்மாவும் சிரித்துவிட்டார். அதோடு பாதி வழக்கு முடிந்துவிட்டது.

மீதிப் பாதி தேத்தண்ணியில் முடியும். அது நீங்கள் ஏற்படுத்திய முறையா, உங்களுக்கு முன்னால் இருந்த தலைவர்களுடையதா என்று நான் கேட்டதில்லை. பேசி முடித்ததும் இரண்டு தரப்பும் ஒரே கேத்தலில் இருந்து ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். குடித்தால்தான் வழக்கு தீர்ந்தது. “நாளைக்கு ஒரே பைப்புல தண்ணி புடிக்கணும், ஒரே சுவத்துக்கு ரெண்டு பக்கமும் படுக்கணும், அத நெனச்சுப் பேசுங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வீர்கள். குடிக்க மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் ஒன்றாகவே இருந்தது: “இரு தரப்பினரும் சமாதானமாகி ஒரே கேத்தல் தேநீர் அருந்திப் பிரிந்தனர்.”

எப்போதும் அப்படித்தான் முடிகிறது என்பதால், ஒரு கட்டத்துக்குப் பிறகு, தேத்தண்ணி வருவதற்கு முன்பே அந்த வரியை எழுதிவிட்டுப் பேனையை மூடப் பழகிவிட்டேன். கேத்தல் வரும்போது எனக்கும் ஒரு கோப்பை கிடைக்கும். கையில் பேனை இருந்தால் இடைஞ்சல். காரணம் அவ்வளவுதான். நீங்கள் கவனிக்கவில்லை. எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

பக்கத்துக் காம்பரா சரோஜா அக்கா கொட்டகைக்கு வந்தது, நீங்கள் போவதற்கு மூன்று மாதம் முந்தி. அதற்கு முதல் அவர் எந்த வழக்குக்கும் வந்தவர் இல்லை. அவருடைய கணவர் யோகராஜ் அண்ணன் தோட்டத்து ஸ்டோரில் இயந்திரம் பார்ப்பவர். எல்லாரோடும் மரியாதையாகப் பேசுபவர். அவர்களுடைய மகள் பூஜாவுக்கு அப்போது மூன்று வயது. சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் நமக்குக் கேட்கும். கேட்கும்போது நீங்கள் ரேடியோவின் காதைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுவீர்கள். அம்மா பாத்திரம் கழுவுவார். நான் வாய்விட்டுப் படிப்பேன். இதையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

அன்று அக்கா பேசவே இல்லை. சேலைத் தலைப்பை விலக்கி இடது முழங்கையைக் காட்டினார். அடுப்பு ஊதுகுழல் அகலத்துக்கு ஒரு சூட்டுக் காயம். ஓரம் கறுத்து நடுவில் பளபளத்தது. அடுப்பில் சாய்ந்துவிட்டார் என்று யோகராஜ் அண்ணன் சொன்னார். அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். அடுப்பில் யாரும் சாயலாம்தானே என்று ஒருவர் சொன்னார். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார்.

“நான் ஒன்னும் பேசல தலைவரே. சூடத்தக் கொளுத்துங்க. அவரு கையால அணைச்சு, நான் சுடலன்னு சொல்லட்டும். சொன்னா நான் பேசாம ஊட்டுக்குப் போறேன்.”

அம்மன் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் செய்யும் சத்தியத்துக்கு மேலே நம் தோட்டத்தில் சாட்சி கிடையாது. பொய்யாக அணைத்தவனுடைய குடும்பம் தழைக்காது என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். யோகராஜ் அண்ணன் எழுந்து சட்டைக் கையை மடித்தார். “கொளுத்துங்க, அணைக்கிறேன்” என்றார். நீங்கள் அவருடைய முகத்தைப் பார்த்தீர்கள். நான் உங்களுடைய முகத்தைப் பார்த்தேன். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் துரை சத்தம் போடும்போதுகூட அந்த முகம் அப்படி ஆனதில்லை. அன்றைக்குத்தான் நீங்களும் பயப்படுவீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

“வேணாம். புருஷன் பொண்டாட்டி வெவகாரத்துல சாமிய இழுக்காதீங்க” என்றீர்கள். பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “அத எழுதாதம்மா. எழுதாம விட்டா ஆறிரும்” என்றீர்கள்.

என் பேனை முனை அப்போது தாளில் பட்டிருந்தது. எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி இருக்கிறது.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதை எழுதினேன். குடும்பத் தகராறு. மனைவி கோபத்தில் வார்த்தை விட்டதாக ஒப்புக்கொண்டார். கணவன் குடும்பத்தை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வதாக வாக்களித்தார். அக்கா எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சும்மா இருந்ததை நாம் அப்படி எடுத்துக்கொண்டோம். பிறகு என் வழக்கப்படி கடைசி வரியை எழுதிவிட்டுப் பேனையை மூடினேன். கையெழுத்து வாங்கினீர்கள். அதன் பிறகுதான் கேத்தல் வந்தது. யோகராஜ் அண்ணன் குடித்தார். சரோஜா அக்கா கோப்பையைக் கையில் வாங்கி, ஆடை படியும் வரைக்கும் வைத்திருந்துவிட்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் பலகையில் வைத்துவிட்டுப் போனார். எல்லாரும் எழுந்துவிட்டதால் அதை வேறு யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கொப்பியைத் திறந்து திருத்தவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், நான் கேட்காமலே சொன்னீர்கள்: “அவன் அணைச்சிருவாம்மா. கூசாம பொய்ச் சத்தியம் பண்ணிருவான். பொறகு அது அந்தப் பச்சப் புள்ள பூஜாவத்தான் புடிக்கும்.”

“அப்ப அக்கா சொன்னது உண்மையாப்பா?” என்று கேட்டேன். நீங்கள் பாதையில் கிடந்த கொக்கோ மட்டையைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு நடந்தீர்கள். நானும் திரும்பக் கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன முச்சக்கர வண்டி பெரிய ரோட்டைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்களைக் கொண்டுபோன அன்று தோட்டத்தில் யாரும் வேலைக்குப் போகவில்லை. பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியவர்களில் யோகராஜ் அண்ணனும் ஒருவர். அதன் பிறகு கொட்டகையில் யாரும் கூடுவதில்லை. நம் பக்கத்துச் சுவரில் சத்தம் கூடியது. ரேடியோவின் காதைத் திருகுவதற்கு ஆள் இல்லாததால் முழுவதும் கேட்டது.

இரண்டு மாதங்களுக்கு முன்னால், ஒரு பகல் நேரத்தில், சரோஜா அக்கா பூஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவிகாரையில் இருக்கும் தன் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். இந்தத் தடவை காயம் முதுகில் இருந்ததாம். அங்கிருந்து நீதிமன்றத்துக்குப் போய், கணவர் தன்னிடம் நெருங்காமலிருக்கப் பாதுகாப்புக் கட்டளை கேட்டு, இடைக்காலமாக ஒன்று வாங்கியிருக்கிறார். ஒரு பெண் சட்டத்தரணி கூலி வாங்காமல் அவருக்காகப் பேசுகிறார் என்று லயத்தில் சொன்னார்கள்.

அந்தச் சனிக்கிழமை யோகராஜ் அண்ணன் நம் வாசல் இஸ்தோப்புக்கு வந்தார். “அக்கா, தலைவரோட கொப்பி இருக்குதானே, ஒரே ஒரு போட்டோ புடிச்சிட்டுத் தந்துர்றேன்” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா டின்னைத் திறந்து கொடுத்துவிட்டார். உங்களைத் தூக்கிய மனிதர் கேட்கும்போது அம்மாவால் என்ன செய்ய முடியும்? நான் குழாயடியில் இருந்து வருவதற்குள் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

“பாருங்கக்கா, ஒங்க மகளே எழுதியிருக்கு, ஒன்னா தேத்தண்ணி குடிச்சுப் பிரிஞ்சோம்னு” என்றார். போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “அழகான எழுத்து, கிளாக்கரம்மா.”

அன்றிலிருந்து எனக்கு என் கையெழுத்தைப் பார்க்கப் பயம். பாடசாலைக் கொப்பியில்கூட.

இரண்டு வாரம் கழித்து அம்மாவின் பெயருக்கு அழைப்பாணை வந்தது. நம் கடிதங்கள் எல்லாம் போல அதுவும் தோட்ட ஆபிசில் மூன்று நாள் கிடந்து, நாலாம் நாள் கைக்கு வந்தது. கொப்பியைக் கொண்டுவர வேண்டும், எழுதியவரும் வர வேண்டும். அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

“அடுப்புல போட்ருவோம். கொப்பியும் இல்ல, கோர்ட்டும் இல்ல” என்றார்.

“போட்டோ அவருகிட்ட இருக்கேம்மா. கொப்பி எரிஞ்சா அந்தப் போட்டோ மட்டுந்தான் மிஞ்சும்.”

“அப்பா பேரு என்னாகும்னு நெனச்சுப் பாத்தியா?”

நினைத்துப் பார்த்திருந்தேன். வேறெதையும் நினைக்கவில்லை. உங்களுடைய படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றும்போது கண்ணை மூடிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன்.

அதன் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? யாரும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. பாடசாலை விட்டு வரும்போது யோகராஜ் அண்ணன் சந்தியில் நிற்பார். “பாத்துப் போங்க கிளாக்கரம்மா, ரோடு வழுக்குது” என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். ஒரு நாள் காலையில் நம் வாசலில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு கோப்பை வரைந்திருந்தது. அம்மா அதைச் சாணி போட்டு மெழுகிவிட்டார். குழாயடியில் நான் போனதும் பேச்சு நிற்கும். நான் வாளியை எடுத்துக்கொண்டு நடந்ததும் திரும்பத் தொடங்கும்.

பயந்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். படிப்பேன். இதே நூலகத்தில், சட்டம் என்று எழுதியிருக்கும் அலுமாரியில் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன். நீதிமன்றமும் பொலிஸும் எட்டாத இடத்திலும் சட்டம் இருக்கிறது, சேர்ந்து வாழ்வதற்காக மக்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட முறைகளும் சட்டம்தான் என்று அதில் இருந்தது. அப்படியென்றால் நம் தகரக் கொட்டகையும் ஒரு நீதிமன்றம், உங்கள் கேத்தலும் ஒரு சட்டம். உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும்போல இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அப்படிப்பட்ட முறைகளில் யாருடைய பேச்சு நினைவில் வைக்கப்படுகிறது, யாருடைய பேச்சு அமைதிக்காக விடப்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்று இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன். யாரோ நம் கொட்டகைக்கு வந்து, எனக்குப் பின்னால் நின்று, அந்த நீலப் புள்ளியைப் பார்த்துவிட்டதுபோல இருந்தது.

அடுத்த நாள் பாடசாலை முடிந்ததும் அக்காவின் சட்டத்தரணியைத் தேடிப் போனேன். கொப்பியைக் காட்டினேன். அவர் பக்கத்தை வாசித்துவிட்டு, இது சரோஜாவுக்குக் கெடுதல் என்று தெரிந்துதான் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். விட்டுப்போனதை இப்போது ஓரத்தில் எழுதிச் சேர்க்கலாமா என்று கேட்டேன். அவர் கொப்பியை மூடி என் கையில் திரும்பத் தந்தார்.

“ஒரு எழுத்தும் சேர்க்காதீங்க தங்கச்சி. சேர்த்தா இதுவும் பொய்யாப் போயிரும். விட்டத வாயால சொல்லுங்க. சொல்ல ஏலுமா?”

ஏலும் என்று சொன்னேன். எல்லாரையும் பார்த்து வாயால் சொல்வதற்கு எனக்குப் பழக்கமில்லை. பேச்சு உங்களுடையது, எழுத்துத்தானே என்னுடையது.

இன்று காலை நீதிமன்றத்தில் சூடம் இல்லை, அப்பா. அதைத்தான் முதலில் கவனித்தேன். கையை உயர்த்தி, உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று உறுதி சொல்லச் சொன்னார்கள். சொல்ல இவ்வளவு சுலபமா என்று இருந்தது. உள்ளங்கையில் ஒன்றும் சுடவில்லை. ஆனால் வழக்கு சிங்களத்தில் நடந்ததால், நான் தமிழில் சொல்வதை ஒருவர் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியுமே. ஒவ்வொரு பதிலும் இரண்டு தடவை கேட்டது, முதலில் என் குரலில், பிறகு முன்பின் தெரியாத ஒரு மனிதரின் குரலில். இரண்டாவது தடவை கேட்கும்போது, இனி அதைத் திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்தது.

யோகராஜ் அண்ணனின் சட்டத்தரணி பக்கத்தைக் காட்டி, இது உங்கள் எழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடைசி வரியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அப்படியென்றால் அன்றைக்கே சமாதானமாகிவிட்டார்கள், சரிதானே என்றார்.

“இல்ல ஐயா. சரோஜா அக்கா தேத்தண்ணி குடிக்கல. அந்த வரிய நான் முன்கூட்டியே எழுதிட்டேன்.”

அவர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். எத்தனை பக்கத்தில் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். முதல் சில பக்கங்களைத் தவிர எல்லாவற்றிலும் என்றேன். அப்படியானால் இந்தக் கொப்பியில் இருக்கும் எதையும் நம்ப முடியாது என்கிறீர்களா என்று கேட்டார்.

நான்கு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள், அப்பா. கோழி, பலாமரம், குழாய் முறை, உடுப்புக் காயப்போடும் கொடி. நீங்கள் தொண்டை காயப் பேசியது எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

“கடைசி வரிகள நம்ப ஏலாது ஐயா” என்றேன். “அது என்னோட பிழை.”

நீதவான் குறுக்கிட்டார். வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று நேரே என்னிடம் சிங்களத்தில் கேட்டார். நான் தமிழிலேயே சொன்னேன். சூடத்தைக் கொளுத்தச் சொல்லி அக்கா கேட்டதைச் சொன்னேன். நீலப் புள்ளி இருக்கும் இடத்தைச் சொன்னேன். திருப்பிச் சொல்பவர் அது என்ன சத்தியம் என்று விளக்கப் போனபோது, நீதவான் கையைக் காட்டி, தனக்குத் தெரியும் என்றார். யார் எழுத வேண்டாம் என்றது என்று கேட்டார்.

அம்மா பின்வரிசையில் இருந்தார். அவரைத் திரும்பிப் பார்த்தால் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

“எங்கப்பா.”

ஏன் என்று கேட்டார். நீங்கள் பாதையில் சொன்னதை, ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். அவன் அணைச்சிருவாம்மா. கூசாம பொய்ச் சத்தியம் பண்ணிருவான். பொறகு அது அந்தப் பச்சப் புள்ள பூஜாவத்தான் புடிக்கும். அதைத் திருப்பிச் சொல்பவர் வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார். யோகராஜ் அண்ணன் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதவான் பாதுகாப்புக் கட்டளையை அடுத்த விசாரணைத் தவணை வரைக்கும் நீட்டினார். கொப்பியை நீதிமன்றம் வைத்துக்கொண்டது. சரோஜா அக்கா என்னைக் கடந்து போகும்போது, அன்றைக்குக் கோப்பையைப் பலகையில் வைத்த அதே கையால் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். என்னை மன்னித்துவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

வாசலில் யோகராஜ் அண்ணன் நின்றார். அந்தக் குரல் இப்போதும் உயரவில்லை.

“தலைவர் உசுரோட இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பீங்களா, கிளாக்கரம்மா?”

மத்தியானத்திலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையாக எழுதுவதாகச் சொன்னதால் எழுதுகிறேன்: சொல்லியிருக்கமாட்டேன். நீங்கள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்திருந்தால், இன்னொரு புள்ளி வைத்துவிட்டுப் பேனையை எடுத்திருப்பேன். நீங்கள் இல்லாததால்தான் என்னால் சொல்ல முடிந்தது. இதை எழுதுவதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

அங்கிருந்து நடந்து வரும்போது அம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். நூலகத்துப் படியில் ஏறும்போது என் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“சரோஜா கொட்டகைக்கு வந்த அன்னிக்கு அவரு சோறு திங்கல” என்றார். “என்னான்னு கேட்டேன். ஒரு புள்ளயக் காப்பாத்தப் போயி இன்னொரு புள்ளய விட்டுட்டேன்னாரு. எனக்கு வெளங்கல. இன்னிக்குத்தான் வெளங்குது.”

அப்படியானால், பூஜாவுக்காக அக்காவைக் கைவிட்டது உங்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் சாமிக்குப் பயந்தீர்கள், நான் உங்களுக்குப் பயந்தேன், அம்மா லயத்துக்குப் பயந்தார். எங்கள் எல்லாருடைய பயத்தையும் சேர்த்து சரோஜா அக்கா முதுகில் வாங்கினார். புத்தகத்தில் இருந்த நீண்ட வசனங்கள் எனக்கு இப்படித்தான் விளங்குகின்றன. உங்களை வெறுக்கிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் படுக்கிறவர்களை நினைத்துப் பேச வேண்டும் என்று நீங்கள் சொன்னது இப்போதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அந்தச் சுவருக்குள்ளேயே ஒருத்தி தனியாக இருந்தாள் என்பதைத்தான் நாம் எழுதாமல் விட்டோம்.

இனி கொட்டகையில் யாராவது கூடினால், எழுதுவதற்கு என்னைக் கூப்பிடுவார்களா தெரியாது. கூப்பிட்டால் போவேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன். எழுத வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதையும் எழுதுவேன். கேத்தல் வந்து, கோப்பைகள் காலியாகும் வரைக்கும் பேனையைத் திறந்தே வைத்திருப்பேன். கொப்பி இப்போது என்னிடம் இல்லை. உங்களிடமிருந்து என் கையில் மிஞ்சியிருப்பது இந்தச் சூட வாசமும் இந்தப் பழக்கமும்தான்.

அம்மா வாசலில் வந்து நிற்பது ஜன்னலால் தெரிகிறது. சந்தைப் பை ஒரு கையில், என் புத்தகப் பை மற்றத் தோளில். சந்தியில் யார் நிற்பார்கள், வாசலில் இன்று என்ன வரைந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. இருந்தாலும் கையைக் காட்டிக் கூப்பிடுகிறார். நூலக உதவியாளர் அந்தக் கோடியிலிருந்து அலுமாரிகளைப் பூட்டிக்கொண்டு வருகிறார். “முடிஞ்சுதா மகள்?” என்று கேட்டார். இன்னும் ஒரு வரி என்றேன்.

அந்த வரியை நான் முன்கூட்டியே எழுதவில்லை, அப்பா. பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் இப்போதுதான் எழுதுகிறேன்.

விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.